கவ்வாத்து என்ற சொல்

(இலங்கை மலையகத்தின் பூனாகலையில் ஆசிரியர்களும் மாணவர்களும் தோட்டத்து மக்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பூனாகலை என்கிறோம், கபரகலை என்கிறோம், தலவாக்கலை என்கிறோம். வெளியூரிலிருந்து வரும் தமிழர் இந்தப் பெயர்களைக் கேட்டால், இங்கே ஏதோ கலைகள் தழைத்திருக்கின்றன என்று நினைப்பார். பூனாகலையிலும் கபரகலையிலும் உள்ள 'கலை' சிங்களத்தின் 'கல'. பாறை என்று பொருள். தலவாக்கலையில் உள்ளதோ 'கெலே', அதாவது காடு. பாறையும் காடும் நம் பாட்டன் பாட்டிமார் வாயில் ஒரே ஓசையாகிவிட்டன. கப்பலிலும் தோணியிலும் வந்து இறங்கிக் கால்நடையாக மலையேறியவர்கள் அவர்கள். தெரியாத மண்ணில் நின்றுகொண்டு, காதில் விழுந்ததைத் தெரிந்த சொல்லாக மாற்றி மனதில் வைத்துக்கொண்டார்கள். நம் தோட்டத்துத் தமிழ் உருவான விதம் அது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஊர்ப்பெயர் அல்ல, ஒரு வேலையின் பெயர். கவ்வாத்து.

பழைய தமிழ் அகராதிகளில் 'கவாத்து' என்று தேடினால் படைவீரர்களின் அணிப்பயிற்சி என்று பொருள் போட்டிருக்கும். கல்லூரியில் படிக்கும்போது முதன்முதலாக அதைப் பார்த்துத் திகைத்துப் போனேன். என் அப்பா இருபத்தெட்டு வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். மலைச்சரிவில் முழங்கால் மடித்துக் குனிந்து, ஒவ்வொரு தேயிலைச் செடியாக வெட்டிக்கொண்டு போகும் மனிதருக்கும், துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கால் மாற்றாமல் நடக்கும் சிப்பாய்க்கும் என்ன உறவு? அந்தக் கேள்வி என்னை இத்தனை வருசமாக விடவில்லை.

சொல்லின் கதைக்குப் போகுமுன் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஆனால் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளில் பலர் கவ்வாத்து மலையைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருப்பார்கள்.

தேயிலை செடியே அல்ல, மரம். விட்டுவிட்டால் முப்பது அடிக்கு மேல் போகும். விதைக்கென்று ஒதுக்கி வளரவிட்ட தேயிலையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இடுப்பளவில் நிற்கும் பச்சைக் கம்பளமாக நாம் காண்பது மனிதர்கள் வெட்டி வெட்டி உண்டாக்கிய உருவம். கொழுந்து பறிக்கப் பறிக்க மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். சில வருசத்தில் அம்மாமார் கை எட்டாது. செடியும் சலித்துப் போகும்: கொழுந்து சிறுக்கும், இலை தடிக்கும், நுனி வளராமல் நின்றுவிடும். அப்போது மேலே உள்ள பச்சையை முழுவதும் கழித்து, முழங்கால் உயரத்துக்கோ அதற்குச் சற்று மேலோ அடிக்கட்டைகளை மட்டும் நிறுத்துவார்கள். தாழ்நிலத்தில் மூன்று வருசத்துக்கு ஒருமுறை; உயரம் கூடக்கூட அது நான்கு, ஐந்து வருசமாகும்.

வெட்டு சாய்வாக விழ வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் வெட்டுவாயில் தங்காமல் வழியும். குச்சி பிளக்கக் கூடாது. பிளந்தால் அந்தப் பிளவு வழியாக அழுகல் உள்ளே இறங்கும். ஆகவே ஒரே வீச்சில், ஒரே கோணத்தில். அப்பா காலையில் பேர் போடும் பெரட்டுக்குப் போகுமுன் வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டுவார். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். தீட்டி முடித்ததும் கத்தியைக் கையில் உரசிப் பார்ப்பார். மயிர் சிரைந்தால்தான் எழுந்திருப்பார். செத்த குச்சி, பூச்சி அரித்த கட்டை, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் கிளை எல்லாவற்றையும் எடுத்த பிறகு, நடுவே வெளிச்சம் விழும்படி செடியைத் திறந்துவிடுவார்கள். சில மலைகளில் ஓரத்துக் கிளை ஒன்றிரண்டை வெட்டாமல் இலையோடு விட்டுவைப்பதுண்டு. வெட்டுண்ட செடி மூச்சுவிட அது வேண்டும் என்பதால் ஆங்கிலேயத் துரைமார் அதற்கு நுரையீரல் என்றே பெயர் வைத்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இலை முழுவதும் போன பிறகு செடி எதைத் தின்று துளிர்க்கும்? வேரில் சேர்த்துவைத்த மாச்சத்தைத் தின்று. அது குறைவாக இருக்கும்போது வெட்டினால் செடி துளிர்க்காமல் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். அதனால்தான் வெட்டுமுன் சில வாரம் கொழுந்து எடுக்காமல் செடியை ஓயவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தார் இதற்குச் சோதனை முறையே வைத்திருக்கிறார்கள்: வேரை ஒரு துண்டு வெட்டி, வெட்டுவாயில் அயடின் கரைசலைப் பூசுவார்கள், மாச்சத்து இருந்தால் அது கருநீலமாகும். நீலம் ஏறாத வேருக்கு மேலே கத்தி வைக்கக் கூடாது. அப்பாவுக்கு அயடின் தெரியாது. இலையின் தடிப்பையும் நிறத்தையும் பார்த்து, "இது தாங்காது, இன்னும் கொஞ்சம் நாள் விடணும்" என்பார். அவர் சொல்லை எப்போதும் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. வேலைத்திட்டத்தில் தேதி போட்டாகிவிட்டால் மலை வெட்டப்படும். ஒருமுறை அப்படி வெட்டிய மலையில் பாதிச் செடி காய்ந்துபோனது. அந்தப் பக்கமாக நடக்கும்போதெல்லாம் அப்பா தலையைத் திருப்பிக்கொள்வார்.

இனிச் சொல்லுக்கு வருவோம்.

அணிப்பயிற்சி என்ற பொருளில் வரும் கவாத்து அரபியில் பிறந்தது. அரபியில் 'கவாயித்' என்றால் விதிகள், ஒழுங்குகள். அது பாரசீகம், உருது வழியாக வந்து, படை ஒழுங்கையும் அணிநடையையும் குறித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்த நம் ஊர்ச் சிப்பாய்களின் வாயில் 'கவாத்து' ஆனது. மலையாளத்திலும் அதே ஓசைதான். 'சாயிப்பைக் கண்டால் கவாத்து மறக்கும்' என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு: பழகிவைத்த அணிப்பயிற்சியெல்லாம் வெள்ளைக்காரர் முன்னால் மறந்துபோகும் என்பது. அதே மலையாளத்தில், மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில், செடி வெட்டுவதற்கும் கவாத்து என்றுதான் பெயர்.

இதிலிருந்து தேயிலைக் கவாத்தும் படைக் கவாத்தும் ஒன்றே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சிப்பாய்களை வரிசையில், ஒரே உயரத்தில் நிறுத்துவதுபோலச் செடிகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்துகிறோம் அல்லவா? அதோடு, நம் தோட்டத்தின் சொற்களில் படைவாடை பலமாகவே வீசுகிறது. அதிகாலையில் ஆட்களை நிறுத்திப் பேர் போடும் இடத்தைப் பெரட்டுக்களம் என்கிறோம். பெரட்டு என்பது ஆங்கிலப் 'பரேட்'. நாம் பிறந்த லயத்தை லயன் என்றும் சொல்கிறோமே, அந்த 'லைன்' படைமுகாமில் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைக்கு வழங்கிய பெயர். இந்த மலைநாட்டுக்குச் சாலை போட்டதே படை போன்றதொரு அமைப்புதான். 1820களில் எட்வர்ட் பார்ன்ஸ் ஆளுநராக இருந்தபோது 'பயனியர்' படை என்ற பெயரில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் சாலை வெட்டினார்கள். அதற்குச் சற்று முன்னால், 1817–18இல், இதே ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கச் சென்னையிலிருந்து சிப்பாய்கள் வந்தார்கள். வயல்கள் அழிந்தன, குளங்கள் உடைந்தன, ஊர்கள் வெறிச்சோடின. ஊவா வெட்டுண்ட காலம் அது. ஆக, கவாத்து என்ற ஓசை கோப்பிக் கன்றுகள் வருமுன்பே இந்தப் பக்கம் நடமாடியிருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அது கடற்கரையிலிருந்து வருகிறது.

சிங்களத்தில் செடியை வெட்டிச் சீராக்குவதற்குச் சொல் 'கப்பாது'. 2022இல் மணிக்கணக்காக மின்சாரம் போனபோது சிங்களச் செய்திகளில் 'விதுலி கப்பாதுவ' என்று கேட்டிருப்பீர்கள். வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீட்டைக் குறைத்தாலும் அதே சொல்தான். இது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அவர்கள் மொழியில் 'கபார்' என்றால் காயடிப்பது. 'கபாது' என்றால் காயடிக்கப்பட்ட ஆடு, காயடிக்கப்பட்ட பன்றி. ஆங்கிலத்தில் காயடித்த சேவலைக் 'கேப்பன்' என்பார்களே, அதுவும் இதே லத்தீன் வேரில் கிளைத்தது. போர்த்துக்கேய உழவர்கள் இந்தச் சொல்லை விலங்கோடு நிறுத்தவில்லை. புகையிலைச் செடி பூக்காமல் இலை பெருக்க வேண்டுமென்று நுனியைக் கிள்ளிவிடுவதற்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான். ஆட்டிலிருந்து செடிக்கு அந்தச் சொல் அவர்கள் தோட்டத்திலேயே தாவிவிட்டது. இலங்கைக்கு வந்ததும், வெட்டு என்று பொருள்படும் 'கபனவா' சிங்களத்தில் ஏற்கெனவே இருந்ததால், வந்த சொல் உறவுக்காரர் வீட்டில் நுழைவதுபோல் நுழைந்துவிட்டது.

'கப்பாது' தமிழில் கவ்வாத்து ஆகுமா? பகரம் வகரமாவது நமக்குப் புதிதல்ல. பாபம் பாவமானது, தபசு தவமானது, கபாடத்தைக் கவாடம் என்று எழுதினோம். போர்த்துக்கேயச் சொல்லின் வால் 'த்து' என்று இறுகுவதும் பழகியதுதான். 'சப்பாத்து' போட்டுக்கொண்டுதானே பள்ளிக்கூடம் போகிறோம். அது அவர்களின் 'சபாத்து'.

எது சரி? என் முடிவைச் சொல்கிறேன். அதற்கு வந்த வழியையும் சொல்கிறேன். பிள்ளைகளே, நீங்கள் இதைவிட நல்ல வழி கண்டால் என்னைத் திருத்துங்கள்.

தோட்டத்துக்குள் புழங்கும் அந்நியச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். பெரட்டு, லயன், செக்ரோல், கண்டக்டர். இவையெல்லாம் ஆட்களை நிறுத்தவும், அடைக்கவும், எண்ணவும், மேய்க்கவும் வந்த சொற்கள். ஆங்கிலத்திலிருந்தும் படையிலிருந்தும் வந்தவை. அலவாங்கு, கான். இவை மண்ணோடு வேலை செய்யும் சொற்கள். பாறை பெயர்க்கும் அலவாங்கு போர்த்துக்கேய 'அலவாங்கா'. மழைத்தண்ணீர் மண்ணை அரித்துப் போகாமல் மலையின் குறுக்கே வெட்டுகிறோமே, அந்தக் கான் போர்த்துக்கேயக் 'கானோ'. சிங்களவரும் அதைக் 'கானுவ' என்கிறார்கள். அதாவது, ஆளை அடக்கும் சொல் துரை வாயிலிருந்து இறங்கியது. மண்ணையும் செடியையும் கையாளும் சொல், முந்நூறு நானூறு வருசமாக இந்தத் தீவில் மண்ணோடு புழங்கியவர்களின் வாயிலிருந்து, பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களின் வாயிலிருந்து, நம்மிடம் வந்தது. கவ்வாத்து செடியைக் கையாளும் சொல். அதன் சொந்தம் பெரட்டோடு அல்ல, கானோடும் அலவாங்கோடும்தான். நாம் கவாத்து என்று மெலிதாகச் சொல்லாமல் கவ்வாத்து என்று நடுவில் அழுத்திச் சொல்கிறோமே, அந்த அழுத்தத்தில் 'கப்பாது'வின் இரட்டைப் பகரம் இன்னும் கேட்கிறது என்றே நான் கருதுகிறேன். சிப்பாயின் கவாத்து ஏற்கெனவே நம் காதில் இருந்தது. புதிதாக வந்த சொல் அதன் மேல் சாய்ந்துகொண்டது. இரண்டும் பின்னிக்கொண்ட பிறகு எந்தக் கிளை எந்தக் கட்டையில் முளைத்தது என்று பிரிப்பது கடினம். ஆனால் வேர் கடற்கரைப் பக்கம்தான் இறங்கியிருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

போர்த்துக்கேயர் வாயில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? இனி ஈன முடியாதபடி செய்வது. படைக்காரர் வாயில் என்ன பொருள்? வரிசை பிசகாமல் நிற்கவைப்பது. இந்த இரண்டு பொருளும் என் அப்பா வாயில் இல்லை. அவர் கவ்வாத்து என்றால் அதற்குள் துளிர் இருந்தது. கிழடு தட்டிய செடிக்கு இளமை திரும்புவது இருந்தது. எங்கள் லயத்தில் பிள்ளைக்கு முதல் மொட்டை அடித்தால் கூடப் பெரியவர்கள் "கவ்வாத்து வச்சாச்சு, இனி நல்லா வளரும்" என்பார்கள். மலடாக்கும் சொல்லை வாங்கி, மறுபடி தளிர்க்கவைக்கும் சொல்லாக நம் ஆட்கள் மாற்றியிருக்கிறார்கள். எந்தப் பண்டிதரும் உட்கார்ந்து இதைச் செய்யவில்லை. பனியில் விறைத்த விரலோடு கத்தி பிடித்தவர்கள், தாங்கள் வெட்டிய செடி என்ன ஆகிறது என்று திரும்ப வந்து பார்த்தவர்கள், அந்தப் பொருளைத் தந்தார்கள். ஒரு சொல்லின் பிறப்பைத் தேடிப்போகும் நாம் அது வந்த கப்பலைக் கண்டுபிடித்ததும் நின்றுவிடுகிறோம். கப்பலில் வந்தது ஓசை. பொருள் இந்தச் சரிவில் உண்டானது.

தமிழ்நாட்டிலும் இந்தப் பொருள்தான் ஊன்றியிருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்குக் கவாத்து. வெட்டிய பிறகுதான் அங்கே கொடியில் பூ வரும். மல்லிகைத் தோட்டத்தில் கார்த்திகை, மார்கழியில் கவாத்து. அடுத்த பூ அதைப் பொறுத்தது. வேளாண்மைத் துறையாரும் தங்கள் வெளியீடுகளில் இந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார்கள். நீலகிரியில் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கென்று 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியபோது, இங்கிருந்து போனவர்கள் அங்கே புதிதாகக் கற்கவேண்டிய சொல் அல்ல அது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் நம் சொந்தக்காரர்கள் இதே கத்தியைப் பிடித்தார்கள்.

கவ்வாத்தோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு சொல் உண்டு. அதன்மேல் எனக்குத் தனிப் பாசம். மிலாறு. வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி. கவ்வாத்து நடக்கிற மலையிலிருந்து அந்தி நேரத்தில் பெண்கள் மிலாற்றுக் கட்டைத் தலையில் வைத்து வரிசையாக இறங்குவதை இங்கே காணாதவர் இல்லை. தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் அடிக்க எடுக்கும் மெல்லிய கம்பை மிலாறு, மிளாறு என்பார்கள். புளியமிளாறு என்று சொன்னால் அங்கே பிள்ளைகள் நடுங்கும். நம் பாட்டன்மார் புளியமரம் நிற்காத இந்தக் குளிர்மலைக்கு வந்தபோது அந்தச் சொல்லைக் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள். அடிக்கும் கம்புக்கு இருந்த பெயர் அடுப்புக்குப் போகும் குச்சிக்கு ஆகியிருக்கிறது. ஈரம் காய்ந்த மிலாறு சடசடவென்று எரியும். எங்கள் அம்மா ரொட்டி சுட்டது, வெந்நீர் வைத்தது, மழைக்காலத்தில் கம்பளி காயவைத்தது எல்லாம் அந்தத் தீயில். ஆராய்ச்சிக்காரர்கள் மிலாற்றை மலையிலேயே விடச் சொல்வார்கள். வெட்டுண்ட கட்டையில் வெயில் நேரடியாகப் படாமல் காக்கும், மக்கி மண்ணுக்கு உரமாகும். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அடுப்புக்கு வேறு வழி தராமல் அதைச் சொல்லும்போது, மண்ணுக்குப் போகவேண்டியதை எடுத்துக்கொண்டதாக ஒரு பெண்ணின் மேல் குற்றம் விழுகிறது. வீட்டுக்கு வீடு எரிவாயு வந்துவிடவில்லை. 2022இல் எரிவாயுவுக்கு நாடே வரிசையில் நின்றபோது, மிலாறு தெரிந்த வீடுகள்தான் அடுப்பு மூட்டின.

கவ்வாத்து என்ற சொல்லை நம் மக்கள் எங்கே பயன்படுத்தவில்லை என்பதையும் கவனித்தேன். மனிதர்களைக் குறைத்தபோது அதைச் சொல்லவில்லை.

ஆட்பதிவேடான செக்ரோலில் பேரை எடுத்துவிட்டால் "பேர் வெட்டிட்டாங்க". கொழுந்து நிறை குறைந்து பாதிச் சம்பளம் விழுந்தால் "அரைப்பேர்". பாருங்கள், சம்பளத்தை நறுக்கும்போது மனிதரின் பெயரே பாதியாகிறது. அதற்கும் முன்னால் 'துண்டு' இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து ஆட்களுக்குத் தலைவரான கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் துரையிடம் துண்டு வாங்க வேண்டும். இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் கடனைக் கட்டும். ஆள் மாறுவார், கடன் கூடவே மாறி இன்னும் பெருக்கும். 1921இல் சட்டம் அதை ஒழித்தது. துண்டித்தலை நினைவூட்டும் அந்தச் சின்னச் சொல்லில் எத்தனை குடும்பங்களின் வாழ்வு எழுதப்பட்டிருந்தது!

பிறகு 1948இல், நம்மில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30இல் பிரதமர்களான சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நம்மில் 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாக, ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டார்கள். பண்டாரவளை ஸ்டேசனில் கோச்சி ஏறிய என் பெரியப்பா குடும்பத்தை நான் பிறகு பார்த்ததே இல்லை. அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். அப்பா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒருநாள் மட்டும் சொன்னார்: "வேரைப் பாக்காம வெட்டிட்டாங்கப்பா." கவ்வாத்து என்று அவர் சொல்லவில்லை. வெட்டு என்றார். அவருக்கு இரண்டும் வேறு வேறு வேலை.

தமிழில் வெட்டுவதற்கு எத்தனை சொல் இருக்கிறது! மரத்தைத் தறிக்கிறோம், கதிரை அறுக்கிறோம், காயை அரிகிறோம், பூவைக் கொய்கிறோம், வெற்றிலையைக் கிள்ளுகிறோம், மயிரைக் கத்தரிக்கிறோம். ஒவ்வொன்றிலும் கை வேறு, கருவி வேறு, வெட்டப்படும் பொருளுக்கு நேர்வதும் வேறு. இத்தனை இருந்தும் இந்த ஒரு வேலைக்கு நம் முன்னோர் வெளியிலிருந்து சொல் வாங்கினார்களே, நம்மிடம் இல்லாமலா என்று ஒரு நண்பர் கேட்டார். கழித்தல் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. கிளை கழிப்பது என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் ஒரு மலை முழுவதையும், ஆயிரக்கணக்கான செடிகளை, ஒரே தவணையில், ஒரே உயரத்துக்குக் கொண்டு வரும் வேலை நம் ஊரில் இருந்ததில்லை. கோப்பியும் தேயிலையும் கொண்டு வந்த வேலை அது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருசத்தில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருசத்துக்குள் மலையெல்லாம் தேயிலையாக மாறியது. கோப்பிக்குப் பருவத்தில் வந்து பருவத்தில் திரும்பினால் போதும். தேயிலைக்கு வருசம் முழுவதும் ஆள் வேண்டும். வருசம் முழுவதும் இருந்தவர்களுக்கு, ஐந்து வருசம் கழித்து அதே மலை மறுபடி கத்திக்கு வருவதைக் கண்டவர்களுக்கு, இந்தச் சொல் சொந்தமானது. வந்துபோகும் ஆளுக்கு அது வெட்டு. தங்கியிருந்து பார்த்தவருக்குத்தான் கவ்வாத்து.

இப்போது இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. தோளில் மாட்டிய மோட்டாரோடு சுழலும் வாளால் வெட்டுகிறார்கள். அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்த மனிதரின் மகன் நான். உடம்பு நோகாத வழி வந்தால் வரட்டும். ஆனால் கத்தி போகும்போது கத்தியைச் சுற்றியிருந்த சொற்களும் போகும். எந்தக் கட்டையை விடுவது, எதை எடுப்பது, செடியின் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதற்கெல்லாம் ஒவ்வொரு தோட்டத்திலும் பேச்சு இருக்கிறது. அவை ஒரு புத்தகத்திலும் இல்லை. ஆசிரியர்களே, பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதத் தலைப்புக் கொடுக்கும்போது இதைக் கொடுங்கள். தாத்தாவிடம் போய் உட்காரட்டும். கவ்வாத்து மலையில் நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்கட்டும். அவர் சொன்ன சொல்லை அவர் சொன்ன மாதிரியே எழுதட்டும், திருத்தாமல். அப்படிப் பத்து வீட்டில் எழுதினால் பூனாகலைக்கென்று ஒரு சின்ன அகராதி வந்துவிடும். அதை அச்சிடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இன்று காலை, இளவெயிலில், இங்கே மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னை ஒரு மலைக்குக் கூட்டிப் போனார். பத்து நாள் முன்பு கவ்வாத்து வைத்த மலை. பச்சை என்று ஒன்றும் இல்லை. சாம்பல் நிறக் கட்டைகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. பழக்கமில்லாதவர் பார்த்தால் தீப்பிடித்த இடம் என்று சொல்வார். அவர் ஒரு கட்டையில் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு என்னிடம், "அகராதியில இதுக்கு என்னங்கையா போட்டிருக்கு?" என்று கேட்டார். செடியின் கிளைகளை வெட்டிச் சீர்செய்தல் என்று எழுதலாம் என நினைத்திருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இப்ப எழுதாதீங்க. இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. கண்ணு விட்டிருக்கும். அதப் பாத்துட்டு எழுதுங்க" என்றார்.

வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த மலை இங்கிருந்து பங்களா ரோட்டில் போனால் இரண்டாவது வளைவுக்கு மேலே இருக்கிறது. பனி இறங்குமுன் கிளம்பினால், பிள்ளைகள் யாராவது வந்தால், போகும் வழியில் காட்டுகிறேன்.